பாஸ்போர்ட்டா, பிறப்புச் சான்றா? இரண்டு போன் அழைப்புகளும் ஒரு பழைய பதிவேடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் எனக்கு இரண்டு போன் வந்தது. இரண்டும் கப்பலைப் பற்றியது. கடலே கண்ணில் படாத ஜவ்வாது மலையில் பாதி வேலைக்காலத்தைக் கழித்தவனிடம் கப்பலைப் பற்றிக் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது போனை வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

முதல் போன் ஹூஸ்டனிலிருந்து. மலையடிவாரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் படித்த பெண். "சார், லீவுக்குக் கால்வெஸ்டன்ல கப்பல் ஏறி மெக்ஸிகோ வரைக்கும் போயிட்டு அஞ்சு நாள்ல திரும்புறோம். சின்னவ பாஸ்போர்ட் தேதி முடிஞ்சுபோச்சு. அவ இங்க பொறந்தவ, பிறப்புச் சான்று இருந்தா போதும்னு சொல்றாங்க. நம்பலாமா?"

இரண்டாவது ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து. மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் என்னிடம் படித்த பையன். கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னை ஓட்டல்களில் வேலை பார்த்தவன். சொகுசுக் கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்கு இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். "சார், பாஸ்போர்ட் எடுக்கணும். டி.சி.யில ஒரு பிறந்த தேதி இருக்கு, பிறப்புச் சான்றுல வேற தேதி இருக்கு. எதைக் காட்டுறது சார்?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 2009 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறி, மெக்ஸிகோ, பஹாமாஸ் போன்ற பக்கத்து நாடுகளைப் பார்த்துவிட்டு, ஏறிய அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம். பெரியவர்கள் பிறப்புச் சான்றும் அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பிறப்புச் சான்று மட்டுமே போதும். ஆஸ்பத்திரியில் பிஞ்சுப் பாதத்தை மையில் ஒற்றிக் கொடுக்கும் அழகான காகிதம் செல்லாது. அரசுப் பதிவு அலுவலகம் தந்த சான்றுதான் வேண்டும்.

ஆனாலும் அந்தப் பெண்ணிடம், "பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சிட்டே போம்மா" என்றேன். இறங்கின ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில்தான் திரும்ப வேண்டும். விமானத்துக்குப் பிறப்புச் சான்று உதவாது. அவளும் மாப்பிள்ளையும் இன்னும் இந்தியக் குடிமக்கள். இந்தச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. ஒரே வீட்டில் குழந்தைக்கு ஒரு விதி, பெற்றவர்களுக்கு வேறு விதி. "அப்ப பாஸ்போர்ட்தான் பெரிசு, இல்ல சார்?" என்று கேட்டாள். "கப்பல் படியில ஏறுற வரைக்கும் அதுதான் பெரிசு" என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாவது போன் வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பத்தவில்லை. வகுப்பில் உங்களுக்கு நான் நடத்தாத ஒரு வரலாறு இதில் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து கப்பலேறிய முதல் தலைமுறையிடம் இந்த இரண்டு காகிதமும் கிடையாது. முதல் உலகப் போர் வரை இந்தியாவை விட்டுக் கிளம்பப் பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. போர்க்காலத்தில்தான், 1917இல், அந்த விதி வந்தது. 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளுக்கு அதற்குப் பிறகும் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம் என்று ஆனது.

கூலிகளிடம் இருந்தது ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். தகர டிக்கெட் என்று பெயர். கங்காணி கொடுப்பதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமுக்கோ, தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை முகாமுக்கோ போவார்கள். எண்ணைப் பார்த்து, வழிச்செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக் கப்பலேற்றுவார்கள். எங்கே போகிறான், யார் கணக்கில் போகிறான் என்று தகரம் சொல்லும். அவன் யார், என்றைக்கு எங்கே பிறந்தான் என்று சொல்லாது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியவே இல்லையா? பதிந்தார்கள். 1886இல் இந்தியா முழுமைக்கும் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. அது விரும்பினால் பதியலாம் என்ற வகை. 1899இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. கிராம முன்சீப்பின் நோட்டில் பிறப்பும் இறப்பும் ஏறின. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் அது கட்டாயம் ஆகிவிடவில்லை, மலை ஊர்களை எட்ட இன்னும் நாளானது. அரசாங்கம் இதைச் செய்ததற்கு முக்கியக் காரணம் காலராவும் அம்மையும். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கை சுகாதாரத் துறைக்கு வேண்டியிருந்தது. அதனால் பழைய பதிவேடுகளில் பல வரிகளில் அப்பா பெயரும் "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்ற வார்த்தையும் மட்டும்தான் இருக்கும். குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. எண்ணிக்கைக்குப் பெயர் எதற்கு?

அந்தக் காலிக் கட்டம் எவ்வளவு பெரிய பள்ளம் என்பது 1948இல் தெரிந்தது. சுதந்திரம் அடைந்த இலங்கை அந்த வருஷம் தன் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த மனிதருக்கு இதை எதை வைத்து நிரூபிக்க முடியும்? அடுத்த வருஷம் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் சுமார் எட்டு லட்சம் பேர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. மீதிப் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

உறவினர்களுக்கு இது பாடம் இல்லை, நம் வீட்டுக் கதை. எங்கள் அப்பாவின் பெரியப்பா மகள், நாங்கள் நுவரெலியா அத்தை என்று கூப்பிட்டவர், அந்தக் கணக்கில்தான் வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்து சேர்ந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று தோட்டத்தில் பிறந்ததற்கான பிறப்புச் சான்று. இன்னொன்று கண்டியில் இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். பிறந்தது இலங்கை என்று ஒன்று சொல்லும், நீ இந்தியப் பிரஜை என்று மற்றது சொல்லும். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனால் அதைக் காட்டக் காகிதம் இல்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால் மகளுக்கு இந்தப் பாஸ்போர்ட். அதில் ஒரே ஒரு பயணத்தின் முத்திரைதான் உண்டு. வருகிற வழி மட்டும், திரும்பிப் போகிற வழி கிடையாது.

நான் சின்ன வாத்தியாராக இருந்தபோது ஒரு தடவை, "அத்த, இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க, காலாவதி ஆகி எத்தனை வருஷம் ஆச்சு" என்று கேட்டுவிட்டேன். "அது முடிஞ்சுபோச்சுடா, தெரியும். இது முடியல பாரு" என்று பிறப்புச் சான்றைத் தடவிக் காட்டினார். அப்போது எனக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் உண்டு, பெரியவர்களுக்குப் பத்து வருஷம், குழந்தைகளுக்கு ஐந்து. பிறப்புச் சான்றுக்கு முடிவுத் தேதி கிடையாது.

இந்தியாவிலும் இதே காலத்தில் இரண்டு காகிதமும் மாறின. பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்றிருந்ததை 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உடைத்தது. தலைமை நீதிபதி சுப்பா ராவ் இருந்த ஐவர் அமர்வில் மூன்று பேர், வெளிநாடு போவதும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கியது, சட்டமில்லாமல் மறுக்கக் கூடாது என்றார்கள். அந்த ஜூன் மாதமே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1969இல், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவு இலவசம், ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மேலதிகாரியின் ஆணை வேண்டும் என்று நமக்குப் பழக்கமான முறையெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டு காகிதமும் நேருக்கு நேர் நின்ற ஒரு வழக்கு நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலேயே நடந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த பெற்றோருக்கு 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், இந்தியப் பாஸ்போர்ட் கேட்டார். நீ இலங்கைக்காரி என்று மறுத்துவிட்டார்கள். நம் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அந்தப் பெண்ணிடம் மண்டபத்தில் பிறந்ததற்கான சான்று இருந்தது. 2022இல் நீதிமன்றம் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. கூலிகளைத் தகர டிக்கெட்டோடு கப்பலேற்றிய அதே மண்டபத்தில் எழுதிய ஒரு பிறப்புப் பதிவு, முப்பத்தாறு வருஷம் கழித்து ஒருவருக்கு நாட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு சுற்றி வந்தேனோ என்னவோ.

மலையில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சேர்க்கை நடக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சேர்க்கைப் பதிவேட்டை என்னிடம்தான் கொடுப்பார்கள். பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் இன்னும் கொஞ்சம் எக்கச் சொல்வோம். பிறந்த தேதி என்ன என்று கேட்டால் அம்மாக்கள் சொல்வது, "சாமை அறுப்பு சமயம்", "புளி உலுக்கறப்ப", "எம்.ஜி.ஆர். செத்தாரே, அதுக்கு அடுத்த மழைக்கு." நான் சிரித்துக்கொண்டே "ஜூன் 1" என்று எழுதுவேன். ஜூலைக்குள் ஐந்து வயது முடிந்தால்தான் சேர்க்க முடியும். அதனால் என் பதிவேட்டில் பாதிக் குழந்தைகள் ஜூன் மாதம் பிறந்தவர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும், இல்லை அப்பா அம்மாவோடு பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கிவிடும். பிள்ளை உள்ளே வந்தால் போதும் என்றுதான் எழுதினேன். பாஸ்போர்ட்டையும் கப்பலையும் யார் நினைத்தார்கள்?

போன் செய்த பையனை 1999இல் சேர்த்தவன் நான்தான். எழுதிய தேதி 1.6.1994. அவன் அம்மா அன்றைக்குச் சொன்னது எனக்கு நினைவில்லை. அவன் சொல்கிறான், "சாமை அறுக்கிறப்ப பொறந்தேன்னு அம்மா எப்பவும் சொல்லும் சார்." இப்போது வேலைக்காகப் பிறப்புச் சான்றைத் தேடிப்போனபோதுதான் தெரிந்திருக்கிறது. வீட்டிலேயே பிறந்த அவன் பிறப்பைச் செவிலியரம்மா யாரோ தெரிவித்து, கிராமப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அந்தத் தேதி நவம்பர் 1994. சாமை அறுப்பு மாதம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா சொன்னது சரி. முதுகலைப் பட்டம் வாங்கிய நான் எழுதியது பொய்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருபது வருஷத்தில் எத்தனை ஜூன் 1 எழுதியிருப்பேன்?

"பிறப்புச் சான்றை மறைச்சிட்டு டி.சி.யை மட்டும் காட்டிடலாமா சார்? அது போதும்னு சிலர் சொல்றாங்க" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் அர்த்தம் இருக்கிறது. ஒரு காலத்தில் 1989 ஜனவரி 26க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்று கட்டாயம். 2016 டிசம்பரில் அதைத் தளர்த்தி, டி.சி., பத்தாம் வகுப்புச் சான்று, பான் அட்டை, ஆதார் என்று பலவற்றையும் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்கள். மலைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் உண்மைத் தேதி கையில் கிடைத்த பிறகு, தெரிந்தே பொய்த் தேதியில் பாஸ்போர்ட் வாங்குவது வேறு. பாஸ்போர்ட்டுக்குத் தெரிந்தே தவறான தகவல் கொடுப்பது குற்றம். அதோடு முடியாது. நாளைக்கு அவன் குழந்தையின் காகிதத்திலும் பென்ஷனிலும் இன்ஷூரன்ஸிலும் இந்த இரண்டு தேதியும் சண்டை போடும். அத்தை பெட்டியில் இரண்டு காகிதம் இரண்டு ஊரைச் சொன்ன மாதிரி இவன் பெட்டியில் இரண்டு காகிதம் இரண்டு மனிதரைச் சொல்லும்.

"மறைக்காதே தம்பி. திருத்து" என்றேன். பள்ளிச் சான்றுத் தேதியை மாற்ற வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கலாம். போளூரில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டேன். தேவைப்பட்டால் கூண்டில் ஏறி, "இந்தத் தேதியை எழுதியது நான்தான், தாய் சொன்னதைக் கேட்டு எழுதவில்லை" என்று சாட்சி சொல்ல வருகிறேன் என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். "ஐயோ, நீங்க எதுக்கு சார்" என்றான். அந்த வார்த்தைதான் அதிகம் சுட்டது. இந்தத் தடவை கப்பல் வேலை தவறிப்போகலாம். அதுவும் என் பேனாவின் கணக்கில்தான் சேரும்.

ஹூஸ்டன் பெண்ணுக்குச் சொன்ன பதிலை இப்போது முழுதாகச் சொல்கிறேன். வேறு நாட்டுக் கரையில் கால் வைக்கும் எந்தக் கப்பலுக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏறி, வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் நம் கடலிலேயே சுற்றித் திரும்பும் சொகுசுக் கப்பலுக்கு ஆதார் போன்ற அடையாள அட்டையே போதும். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் போவது சுமார் 110 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குப் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. அத்தையின் மகன் ஒரு தடவை அதில் போய், அம்மா பிறந்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறான். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் எந்தத் தோட்டம் என்று தேட, அந்தப் பழைய பிறப்புச் சான்றைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு விதி மறுபடி இறுகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு அவர்களுடைய பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்று ஒன்றுதான் வழி. டி.சி.யும் ஆதாரும் இனி அந்தத் தலைமுறைக்குக் கைகொடுக்காது. குழந்தை எங்கே பிறந்தாலும் 21 நாளுக்குள் பதியுங்கள். பெயர் வைத்த பிறகு மறக்காமல் பெயரையும் ஏற்றுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அப்பா அம்மா பெயரின் எழுத்து உங்கள் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது அந்தச் சான்றைக் காட்டி அதே தேதியை எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற ஆசிரியர் சிரித்துக்கொண்டே வேறு தேதி எழுதினால், விடாதீர்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

என் கையால் ஜூன் 1 ஆனவர்கள் இதைப் படித்தால், உங்கள் உண்மைத் தேதி பதிவில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூர் வருகிறேன், சந்தைப் பக்கம் டீக்கடையில் காலையிலிருந்து இருப்பேன். காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மா இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர் சொல்வதை இந்தத் தடவை ஒழுங்காக எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்